சக்களத்திக்கு வைத்த பொட்டு

அந்த வீட்டில் கார் கிடையாது, கார் ஷெட் மட்டும் உண்டு. அதில் குடியிருந்தது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் பைக். லிஃப்ட் மெக்கானிக்கான வீட்டுக்காரர் அதை வாங்கி வந்த அன்று அது பைக் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். துருப்பிடித்த சட்டம் ஒன்றும் சாமான் அடைத்த சாக்கு மூட்டைகளுமாக வந்து இறங்கியது. ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள், தொண்ணூறாம் நாள் எடைக்குப் போய்விடும் என்று மாடியில் குடியிருந்த அவருடைய தங்கை ஜோசியம் சொன்னாள். ஜோசியம் பொய்த்தது. தொண்ணூறு நாளில் மனிதர் சட்டத்தையே சுரண்டி முடிக்கவில்லை.

அந்தத் தங்கைக்கு வாய் நீளம். அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஷெட்டுக்குள் நுழைவதைப் பார்த்து, பைக்குக்கு 'சக்களத்தி' என்று பெயர் வைத்தாள். "அண்ணி, உங்க சக்களத்திக்கு இன்னைக்கு என்ன சீராட்டு?" என்பது அவளுடைய தினசரி விசாரிப்பு.

அண்ணிக்கு மேக்கப் தொழில். வீட்டின் முன்னறையில் பெரிய கண்ணாடி, சுழல் நாற்காலி, டப்பா டப்பாவாகப் பூச்சுகள். மேடை ஏறுகிறவர்களும் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களும் அவளிடம்தான் வருவார்கள். சக்களத்தி என்று சொன்னால் சிரிப்பாளே தவிர, அவளுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. நிற்கும்போதே பாயப்போவதுபோல் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சாமானை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? அவர் அதன்மேல் குப்புறக் கவிழ்ந்து உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆனாலும் அந்த வேலையில் அவளுக்கும் பங்கு இருந்தது. லிஃப்ட் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. போல்ட்டைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். போல்ட் பின்னால் எப்போதாவது தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் பெயிண்ட் காய்ந்துபோன ஒரு நாள், மனைவியின் நெயில் பாலிஷைக் கேட்டார். கொடுத்தவள் தானே தீட்டினாள். கோடு அவள் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. போல்ட்டின் நடு மண்டையில் வட்டமாக, சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். "கோடுதானேம்மா போடணும்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பொட்டு அழகாக இருந்தது. விட்டுவிட்டார்.

அதிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. அவர் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்குவார். வேண்டிய இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று சொல்லும். அவர் "வை" என்பார், அவள் வைப்பாள். பொட்டு இருந்தால் முறுக்கியாயிற்று, இல்லாவிட்டால் இல்லை. அந்த ஷெட்டின் சட்டதிட்டம் அவ்வளவுதான். சொன்னால் வெட்கம், பல வருஷங்களுக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அந்தப் பொட்டுகளால்தான்.

முன் சக்கரத்துப் பிரேக்கைப் பூட்டும்போது அவர் ஒன்று சொல்லியிருந்தார். சக்கரத்தின் இரண்டு பக்கமும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களில் ஒன்றைத் தட்டிக் காட்டி, "இதைத் தாங்குறது இந்த ரெண்டு போல்ட்டுதான். இது கழண்டுச்சுன்னா காலிப்பர் சக்கரத்துக்குள்ள போய் மாட்டிக்கும். அப்புறம் வண்டி நின்னுடும், ஓட்டுறவன் மட்டும் போய்க்கிட்டே இருப்பான்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

நேற்று மத்தியானம் அவர் ஷெட்டிலிருந்து "இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டார். அவள் கையில் ஒருத்தியின் கூந்தல் இருந்தது. "இதோ வரேன்" என்றவள் பின்னி முடித்துவிட்டுப் போனபோது ஆள் இல்லை. எங்கோ லிஃப்ட்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று ஓடிவிட்டாராம், நாத்தனார் சொன்னாள். வண்டி முழுக்கப் பொட்டு இருந்தது. முன் சக்கரத்தின் இடது காலிப்பரில் இரண்டு போல்ட்டுகள் மட்டும் மொட்டையாக இருந்தன. ரெஞ்ச் பக்கத்திலேயே கிடந்தது. முறுக்கிவிட்டுப் பொட்டு வைக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்தாள். ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டி ஒருத்தியை எழுப்பி அனுப்ப அவளால் முடியுமா? இரண்டுக்கும் வைத்து, ஊதிக் காயவைத்து, மூடியைத் திருகிக்கொண்டு போய்விட்டாள். அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

இன்று காலை சக்களத்தி முதல் தடவையாகத் தெருவுக்கு இறங்கினாள். முன்னறை நாற்காலியில் ஒரு மெல்லிசைப் பாடகி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு கண்ணுக்கு அலங்காரம் முடிந்திருந்தது, இன்னொன்று பாக்கி. "அணைக்கட்டு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சத்தம் தெருமுனையில் திரும்பி மறையும்வரை அவள் பிரஷ்ஷைத் தூக்கியபடியே நின்றாள். போன உயிர் திரும்பி வரட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கேட்டைச் சாத்திவிட்டு நாத்தனார் உள்ளே வந்தாள்.

"அண்ணனுக்கு வயசாயிடுச்சு அண்ணி. கிளம்புற நேரத்துல முன் சக்கரத்துக்கிட்ட குத்தவெச்சு உக்காந்து முழிக்கிறாரு. என்னன்னு கேட்டா, 'நேத்து பாதியில ஓடினேனே, இந்த ரெண்டு போல்ட்ட முறுக்கவே இல்லையே'ங்கிறாரு. அப்புறம் உத்துப் பாத்துட்டு, 'அட, பொட்டு இருக்கே, முறுக்கிட்டுத்தான் போயிருக்கேன் போல'ன்னு சிரிச்சிக்கிட்டே ஏறிட்டாரு."

அண்ணியின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது.

"அது நான் வெச்ச பொட்டு" என்றாள். "அவர் சொல்லி வெக்கல. நானா வெச்சேன்."

நாத்தனாருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.  அவள்தான் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். மணி ஷெட்டுக்குள்ளிருந்து அடித்தது. பெஞ்சின்மேல், துடைக்கிற துணிக்குப் பக்கத்தில், போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, என் கார் வாசல்லதான் நிக்குது. ஏறுங்க" என்றாள் பாடகி.

ஊரைத் தாண்டும்வரை எதுவும் வேகமாக நடக்கவில்லை. சிக்னல் சிவப்பாகவே நின்றது. தண்ணீர் லாரி ஒன்று நகர மனசில்லாமல் நகர்ந்தது. பக்கத்தில் வந்து நின்றவர்கள் பாடகியின் ஒரு பெரிய கண்ணையும் ஒரு சின்னக் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவள் யாரையும் சட்டை செய்யவில்லை, ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடினால் அந்த இரண்டு போல்ட்டுகளும் சுற்றின. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன. கையால் திருகி மட்டும் விட்டிருப்பார், எவ்வளவு தூரம் தாங்கும்? அணைக்கட்டுச் சாலை பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் ஒரே இறக்கம், வளைவு மேல் வளைவு. இறக்கத்தில் யார்தான் பிரேக் பிடிக்காமல் போவார்கள்? ஒரு போல்ட்டை முறுக்க மறந்தவனுக்கு மன்னிப்பு உண்டு, முறுக்காததை முறுக்கியதாக அலங்காரம் செய்துவிட்டவளுக்கு யார் மன்னிப்புத் தருவார்கள்? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும், போகட்டும் என்று உதடு தன்பாட்டுக்கு முணுமுணுத்தது. வழியெல்லாம் சாலையைப் பார்க்காமல் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போனாள்.

பெட்ரோல் பங்க்குக்கு முன்னால் கூட்டம் நின்றது. ஆண்கள் வட்டமாக நின்று கீழே எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கால்களுக்கு நடுவே சிவப்பு நிறம் தெரிந்தது.

 கார் நிற்பதற்குள் கதவைத் திறந்தாள். ஒரு செருப்பு காரிலேயே கிடந்தது. இரண்டு பேரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

அவர் நின்றுகொண்டிருந்தார். சிவப்பாகத் தெரிந்தது வண்டியின் டேங்க். ஹெல்மெட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, புது மாப்பிள்ளை களையில், சுற்றி நின்றவர்களுக்கு எஞ்சினைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறார், பழைய பைக்கைக் கண்டால் ஆண்களுக்குக் கால் நகராது, அவ்வளவுதான் விஷயம்.

"என்னம்மா, நீ எங்க இங்க? நல்லவேளை, ரெண்டு நிமிஷம் தாமதிச்சிருந்தா நான் கீழ இறங்கியிருப்பேன்" என்றார்.

 முன் சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, இடது காலிப்பரைப் பிடித்து ஆட்டினாள். பால் பல்லைப்போல் ஆடியது. கீழ் ஓட்டையில் போல்ட்டே இல்லை. மேல் போல்ட் பாதிக்குமேல் வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மண்டையில் பொட்டு மட்டும் கலையாமல் இருந்தது.

 யாரோ "ஐயோ சாமி" என்று மெதுவாகச் சொன்னார்கள்.

"நான்தான் வெச்சேன். நீங்க முறுக்கிட்டுத்தான் கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டவில்லை. "கை முறுக்கலன்னு சொல்லுச்சு. கண்ணு பொட்டைப் பாத்துச்சு. நான் கண்ண நம்பிட்டேன்" என்றார். இறக்கம் தொடங்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வேற எதுக்காவது, நான் பக்கத்துல இல்லாதப்ப, நீயா வெச்சிருக்கியா?"

அவள் யோசித்தாள். விருந்தாளி வந்திருந்த அன்று அவர் எழுந்து போனாரே, அப்போது? கை வேலையாக இருந்து, 'டக்' சத்தம் மட்டும் கேட்டு, பிறகு போய் வைத்ததெல்லாம்? ஒன்றா, நாலா? மனசுக்குள் வண்டி முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது.

"தெரியலங்க" என்றாள்.

காணாமல்போன போல்ட்டைவிட அந்த ஒரு வார்த்தை அவரை அதிகம் உலுக்கியது. சாவியை உருவி அவளிடம் கொடுத்துவிட்டார்.

மினி லாரியில் சக்களத்தி வீடு வந்து சேர்ந்தாள். பாடகி ஒரே கண்ணோடு ஒத்திகைக்குப் போனாள். மத்தியானம் ஷெட்டில் அண்ணி நெயில் பாலிஷ் ரிமூவரும் பஞ்சுமாக உட்கார்ந்து எல்லாப் பொட்டையும் அழித்தாள். ஒன்று மிச்சமில்லாமல் அழித்தாள். நாத்தனார் கேலி எதுவும் பேசாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் பின்னால் இருந்து முறுக்கத் தொடங்கினார். பின் சக்கரம், டக். சங்கிலிப் பல்சக்கரம், டக், டக். எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள், எல்லாம் டக். ஒவ்வொன்றுக்கும் ரெஞ்சை அவளிடம் கொடுத்தார். அவளும் தன் கையால் ஒரு தடவை இழுத்துச் சத்தம் கேட்ட பிறகுதான் பிரஷ்ஷை எடுத்தாள். பொட்டு வைக்கவில்லை, கோடு போட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக மூன்று பேருக்கும் மூச்சு சீரானது. "ரெண்டோட போச்சு அண்ணி" என்றுகூட நாத்தனார் சொல்லிவிட்டாள்.

கடைசியாகக் கைப்பிடிக்கு வந்தார். வலது கைப்பிடியை, முன் சக்கரத்தைத் தாங்கும் குழாயோடு இறுக்கும் போல்ட். ரெஞ்சை வைத்து இழுத்தார். சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார், அது சுற்றியது. மறுபடி இழுத்தார், மறுபடி சுற்றியது. காலையில் ஊரெல்லாம், அத்தனை வேகத்தில், அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனது அந்தக் கைப்பிடியைத்தான்.

ஒருவழியாக 'டக்' என்றது. அவர் ரெஞ்சை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், நாத்தனார் விளக்கைக் கீழே வைத்துவிட்டுப் போன பிறகும் விடவில்லை.