பட்டில் ஒட்டிய அம்மன்

பாளையங்கோட்டையில் டிராயிங் வாத்தியாராக இருந்த நான், 1911இல் ஜப்பானிய ஓவியர் மொரிட்டாவுக்குத் துபாஷியாக அலைந்தேன். இருபது வருஷம் தம் நாட்டு முறைப்படி பட்டில் வரைந்தவர் அவர். அங்கே சீடர்களெல்லாம் மேல்நாட்டு எண்ணெய் வர்ணத்துக்கு ஓடிப்போகவே, ஊர் ஊராகச் சுற்றி ஆற்றுக்கு அக்கரையிலிருந்த டவுணுக்கு வந்து சேர்ந்தார். ஞானசம்பந்தம் பிள்ளை வீட்டில் தங்கி, வர்ணக்கற்களை அரைத்து, அந்த ஊர்க் கோயில் காந்திமதி அம்மனை வரைந்து முடித்தார்.

படத்தைப் பூஜையறையில் மாட்டினார்கள். பூவைக் கையில் எடுத்த பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"கல்லுப்பொடி பட்டுல எப்படி வே ஒட்டுது? கேளும்."

நான் இங்கிலீஷில் கேட்டேன். மொரிட்டா சந்தோஷமாக முற்றத்துப் பசுவைக் காட்டினார். தம் புறங்கைத் தோலைக் கிள்ளினார். அடுப்பில் பசை காய்ச்சுவதுபோல் கிண்டியும் காட்டினார். மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

கவிச்சி வாடையே அண்டாத வீடு அது. பிள்ளையின் முகம் வெளுத்தது. படத்தைக் கழற்றலாம், அம்மனை எப்படிக் கழற்றுவது? எனக்கும் விளங்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி கோமு அம்மாள் சொன்னாள்: "கோயில்ல மத்தளம் அடிக்கையில காதைப் பொத்திக்கிடுதியளா? அதுவும் மாட்டுத்தோல்தான்."

பிள்ளை பூவோடு படத்தையே பார்த்து நின்றார். அம்மன் முகத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்து, மொரிட்டா தூரிகையோடு படத்தை நெருங்கினார். பிள்ளை சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளைத் தொடாதேயும்."

பூவை மட்டும் அவர் இன்னும் போடவில்லை.