செவ்வாய்க்குப் போக ஒரு பக்கம்

1

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு விண்ணப்பத்தின் கடைசிப் பக்கமாகத் தொடங்கியது. அதுவும் என்னுடைய விண்ணப்பம் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை. நான் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறவன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, யாரோ எழுதிய தோட்டக்கலைப் புத்தகத்தில் ஒற்றுப்பிழைகளைக் களையெடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. நகரத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் மெக்கானிக், பத்தொன்பது வருட சர்வீஸ். தேவைப்பட்டால் மட்டுமே வாயைத் திறப்பாள் என்பதால் அங்கே அவளுக்கு ‘வால்வு’ என்று பெயர்.

“தம்பி, எனக்கு ஒரு பக்கம் எழுதித் தர்றியா?”

“லீவு லெட்டரா?”

“அந்த மாதிரிதான். கொஞ்சம் நீளமான லீவு.”

காகிதங்களை என் பக்கம் தள்ளினாள். செவ்வாய்க் கிரகத்தில் முதல் குடியிருப்பு. நாற்பது பேர். அதில் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். பதினொரு மாதத்தில் ஐந்து சுற்றுத் தேர்வு முடித்திருந்தாள். ஒவ்வொரு முறையும் எங்களிடம் ‘ட்ரெய்னிங்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்வி: மனிதர்கள் ஏன் வேறொரு கிரகத்துக்குப் போய்க் குடியேற வேண்டும்? ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமல் கேட்டார். “எங்க போறே?”

“செவ்வாய்க்குப்பா.”

“சரி. புதன்கிழமை வந்துடுவியா?”

விவரம் சொன்னதும் பேப்பரை மடித்து வைத்தார். அப்பா முப்பத்துநாலு வருடம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். எந்த ஊரைச் சொன்னாலும் முதலில் நேரத்தைத்தான் கேட்பார். “அங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?”

“இருபத்துநாலு மணி நாப்பது நிமிஷம்.”

“அப்படின்னா நீ வேலைக்கு நேரத்துக்குப் போயிடுவே” என்றார்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

என்றேனும் ஒரு நாள் இந்தப் பூமி அழியும். விண்கல் மோதலாம். கடல் பொங்கலாம். அன்று மனித இனம் தப்பிப் பிழைக்க வேண்டுமானால்—

அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“யாரை மிரட்டுற?”

“காரணம் சொல்றேன்க்கா. எல்லாரும் ஒரே வீட்டுல இருக்கோம். வீடு இடிஞ்சா எங்க போறது?”

“வீடு ஒழுகுதுன்னு விட்டுட்டு ஓடுறவளா நான்? பத்தொன்பது வருஷமா ஒழுகலை அடைச்சிட்டிருக்கேன்டா. இதைப் படிச்சா எங்க சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரிப்பார்.”

தொடக்கம், இரண்டாம் முயற்சி:

ஆராயும் தாகம் மனிதனின் குருதியிலேயே கலந்தது. குகையை விட்டு வெளியே வந்தவன், கடலைக் கடந்தவன், மலையில் ஏறியவன்—

“எல்லாம் ‘வன்’னாவே இருக்கு.”

எல்லாவற்றையும் ‘வள்’ ஆக்கினேன். அப்போதும் அவள் முகம் தெளியவில்லை.

“தாகம்னு சும்மா எழுதிட்டுப் போயிடுறீங்க. தாகம்னா குடிக்கத் தண்ணி வேணும். நாப்பது பேருக்கு, தினமும். அதை யார் யோசிக்கிறா?”

“நீ யோசிப்பே.”

“அதுக்குத்தான் போறேன்.”

மூன்றாவது தொடக்கத்தை இங்கே காட்டப்போவதில்லை. அதில் ‘விண்மீன்களின் மடியில்’ என்று ஒரு தொடர் வருகிறது. அப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு, “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார்.

3

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

திரும்பி வர இடம் கிடைக்குமா என்று ஏழு வருடம் கழித்துத்தான் தெரியும் என்கிற ஓர் ஊருக்கு ஒருத்தி கிளம்புகிறாள் என்றால், அவளுக்குள் ஏதோ உடைந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். எழுதியும் பார்த்தேன்:

அவள் கண்களில் யாருக்கும் தெரியாத ஒரு சோகம்—

(இல்லை. அவள் கண்களில் அப்போது வெங்காயம்தான் இருந்தது. அன்றைக்கு அவள் சமையல் முறை.)

கல்யாணம் முறிந்த கதையைப் பயன்படுத்தலாமா என்று யோசித்தேன். அக்காவுக்குக் கல்யாணமாகி நாலாவது வருடம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிப் பிரிந்தார்கள். இன்றைக்கும் சிங்க் அடைத்துக்கொண்டால் அவர் அவளைத்தான் கூப்பிடுகிறார். அவளும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போகிறாள். அவருடைய புது மனைவி காப்பி போட்டுத் தருகிறாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து அவருடைய குறட்டையைப் பற்றிச் சிரிக்கிறார்கள். இதிலிருந்து ஒரு துளிக் கண்ணீர்கூடப் பிழிய முடியாது.

[ஓரக்குறிப்பு: காயமே இல்லாத கதாபாத்திரம் எழுதுகிறவனுக்கு எவ்வளவு பெரிய தொல்லை என்று எழுதாதவர்களுக்குத் தெரியாது.]

4

“நீ உக்காந்த இடத்துலயே எழுதுற, அதான் வரமாட்டேங்குது” என்று சொல்லி அடுத்த வாரம் என்னை வேலையிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பத்தொன்பது வருடத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

வாசலிலேயே நாற்றம் கையைப் பிடித்துக் குலுக்கி வரவேற்றது. அரிசி ஆலை அளவுக்கு ஒரு பம்ப் அறை. அக்கா உள்ளே நுழைந்ததும் நின்றாள். ஆறு பம்புகள் ஒரே குரலில் இரைந்துகொண்டிருந்தன, என் காதுக்கு. அவள் நாலாவது பம்பின் மேல் கையை வைத்து, “பேரிங் தேயுது. அடுத்த மாசம் மாத்தணும்” என்றாள். வெளியே, நீச்சல்குளம் போன்ற தொட்டிகளில் பழுப்பு நுரை. அடியிலிருந்து காற்று ஊதி, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கு மூச்சு கொடுத்து, அழுக்கைத் தின்ன வைக்கிறார்களாம். “இவங்கதான் நிஜ ஸ்டாஃப். நாங்க சும்மா மேய்க்கிறோம்.”

கடைசித் தொட்டிக்கு அப்புறம், குடிக்கிற தரத்துக்கு வடிகட்டி வந்த தண்ணீரைக் குழாயில் பிடித்து என்னிடம் நீட்டினாள். கண்ணாடி மாதிரி இருந்தது. நான் டம்ளரைப் பார்த்தேன். நாங்கள் கடந்து வந்த தொட்டிகளை ஒவ்வொன்றாக நினைத்தேன்.

“எனக்குத் தாகம் இல்லக்கா.”

அவள் மடமடவென்று குடித்தாள்.

“அங்க ஒரு தொட்டி தண்ணிதான். நாப்பது பேரும் குடிச்சது, குளிச்சது, வேர்வை, மூச்சுல போற ஈரம், எல்லாம் திரும்ப வந்தாகணும். இங்க கொஞ்சம் வீணாப் போனா யாரும் கவலைப்படமாட்டாங்க. ஆறு இருக்குன்னு விட்டுடுவாங்க. அங்க ஒரு சொட்டு போனாலும் போனதுதான். அப்படி ஒரு இடத்துல நிஜமா வாழ்ந்து பாத்தாத்தான் நமக்குப் புத்தி வரும். வந்த புத்தியை இங்க அனுப்பி வைப்பேன்.”

திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்குப் பக்கம் முழுவதும் வந்துவிட்டது. முதல் வரி, நடு வரி, கடைசி வரி, எல்லாம்.

5

வந்ததை நான் எழுதவில்லை.

இந்தக் கதையில் நான் மறைக்க நினைத்த பகுதி இதுதான். நல்ல ஒரு பக்கம் எழுதினால் அவள் போய்விடுவாள். அவள் போனால், மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்போம். அதனால் மோசமான ஒரு பக்கம் எழுதினேன். அதுவும் வேண்டுமென்றே, அக்கறையாக உழைத்து. விண்மீன்களின் மடியைத் திரும்பக் கொண்டுவந்தேன். நடுவில் ஒரு வரி வைத்தேன்: ‘ஆயினும் முதிய தந்தையைப் பிரியும் எண்ணம் வரும்போதெல்லாம் என் உறுதி தளர்கிறது.’ ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை.

“ரெடியா?” என்று அவள் பம்ப் இரைச்சலுக்கு நடுவே போனில் கேட்டாள்.

“ரெடி. படிச்சுக் காட்டட்டுமா?”

“நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். அனுப்பிடு.”

அனுப்பினேன்.

6

மூன்று வாரம் கழித்துக் குடும்ப நேர்காணல். ஒரு மதிய நேரம், சாப்பாட்டு மேசையில் என் கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேர். அப்பா இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, பழைய பஸ் சீருடையின் பேட்ஜையும் குத்தியிருந்தார். திரையில் தேர்வுக்குழுவின் டாக்டர், குட்டை முடி வைத்த ஓர் அம்மா.

“உங்க எல்லா மதிப்பெண்ணும் நல்லா இருக்கு. இந்தப் பக்கத்துலதான் எங்களுக்குக் குழப்பம்” என்று சொல்லிவிட்டு, நான் எழுதியதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

மோசமாக எழுதப்பட்ட தமிழை, அதை எழுதியவனே உட்கார்ந்து கேட்பது தனித் தண்டனை. மடி வந்தது. அப்பா இருமினார். அப்புறம் அந்த வரி வந்தது. அக்கா என் பக்கம் திரும்பவில்லை. மேசையின் மேல் இருந்த அவள் கை மட்டும் மூடிக்கொண்டது.

“உங்க உறுதி தளருதா?” என்று டாக்டர் கேட்டார்.

அக்கா பதில் சொல்வதற்குள் அப்பா குறுக்கே வந்தார். “மேடம், அது இவ பேச்சு இல்ல. இவன் எழுதினது. என்னை ‘முதிய தந்தை’ன்னு இந்த வீட்டுல யாரும் கூப்பிடுறதில்ல.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப நீங்களே சொல்லுங்க” என்றார் அக்காவிடம். “ஏன் போகணும்?”

அக்கா மூடியிருந்த கையை விரித்தாள். பிறகு வால்வு திறந்தது.

“மேடம், பத்தொன்பது வருஷமா நான் தொட்டது எல்லாமே யாரோ போட்ட குழாய். யார்னு தெரியாது. ஒரு தடவை தெருவைத் தோண்டினப்ப நூறு வருஷத்துக்கு முந்தின குழாய் ஒண்ணு கிடைச்சுது. இன்னும் தண்ணி போயிட்டிருந்தது. அதைப் போட்ட ஆளுக்கு என்னைத் தெரியாது. ஆனா நான் அன்னைக்குக் காலைல அந்தத் தண்ணிலதான் குளிச்சிருக்கேன். நாங்க எல்லாரும் ரிப்பேர் பாக்கிறவங்க. ரிப்பேர் நல்ல வேலை, குறை சொல்லலை. ஆனா ஒரு குழாயும் இல்லாத இடம் ஒண்ணு இருக்குன்னா, அங்க யாராவது முதல் குழாயைப் போடணும்ல? போட்டாத்தானே பின்னாடி வர்றவங்க அதை ரிப்பேர் பாக்க முடியும்? நான் போட்டா ஒழுகாது.”

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். “ஐயா, உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?”

“ஒண்ணே ஒண்ணு. நான் கடைசி ஸ்டாப்புல யாரை இறக்கிவிட்டாலும், திரும்பிப் போற வண்டி எப்பன்னு சொல்லித்தான் இறக்குவேன். நீங்க ‘இடம் இருந்தா’ன்னு சொல்றீங்க. அது சரியில்ல.”

“நியாயம்தான். குழுவுல இதைச் சொல்றேன்” என்றார் டாக்டர். அவர் சிரிக்கவில்லை.

7

மூன்று நாள் அக்கா என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் நான் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் வேலை உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

“போக வேண்டாம்னு வாயால சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நின்னிருப்பியா?”

“மாட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? அஞ்சு சுற்றுப் பரீட்சை எழுதியிருக்கேன். அப்பா என்னடான்னா பஸ் டைம் கேக்கறார். நீ ஒற்றுப்பிழை பாக்கறே. போகாதேன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும்னு எனக்கும் ஆசையா இருக்காதா?”

“போகாதேக்கா.”

“இன்னொரு தடவை.”

“போகாதே.”

“ம். நல்லா இருக்கு” என்று எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டாள். “போறேன்டா.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

8

அக்கா தேர்வாகிவிட்டாள். கடிதத்தில் அப்பாவுக்காக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ஏழாம் ஆண்டுக் கப்பலில் விரும்புகிறவர்கள் எல்லோருக்கும் திரும்பி வர இடம் உறுதி. அப்பா அந்த வரியை மட்டும் வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

இனி நான் முடிவு எழுத வேண்டும். கைவசம் மூன்று இருக்கின்றன. ஒன்றில் அவள் ஏழு வருடத்தில் திரும்பி வந்து, நம் ஊர்க் குழாய்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள். இன்னொன்றில் அவள் வருவதே இல்லை. காரணம் சோகமானதில்லை, அங்கே வேலை அவ்வளவு இருக்கிறது. மூன்றாவது

(மூன்றாவதை அழித்துவிட்டேன். பயத்தில் எழுதியது.)

ஏன் போக வேண்டும் என்று இப்போது என்னைக் கேட்டால், என்னிடமும் ஒரு பதில் உண்டு, அரைப்பக்கம்கூட வராது. நாம் சலித்துக்கொள்ளும் ஒவ்வொரு தெருவும் ஒரு காலத்தில் மனிதர் வாழத் தகுதியில்லாத இடம்தான். யாரோ வந்து, தோண்டி, குழாய் போட்டு, நாம் சலித்துக்கொள்கிற அளவுக்கு அதை வீடாக்கிவிட்டுப் போனார்கள். செவ்வாயில் என்றாவது ஒருத்தி காலையில் எழுந்து, தூக்கக் கலக்கத்தில், “சே, இன்னைக்கும் தண்ணி மெதுவா வருது” என்று அலுத்துக்கொள்ள வேண்டும். அந்த அலுப்புக்காகப் போகலாம். என் அக்காவை அனுப்பலாம்.

இப்போது அவள் பாலைவனத்தில் பயிற்சி முகாமில் இருக்கிறாள். செவ்வாயிலிருந்து பேசிப் பழக வேண்டும் என்பதற்காக, எங்கள் ஒவ்வொரு செய்தியையும் பன்னிரண்டு நிமிடம் பிடித்துவைத்துத்தான் அனுப்புகிறார்கள். அவள் கேட்பாள். பன்னிரண்டு நிமிடம் கழித்து எனக்கு வரும். நான் சொல்வேன். பன்னிரண்டு நிமிடம் கழித்து அவளுக்குப் போகும். அப்பா இதற்குள் பழகிவிட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, போய்க் குளித்துவிட்டு வருகிறார்.

சற்றுமுன் அவளிடமிருந்து வந்த செய்தி: “கதையை முடிச்சிட்டியா? எப்படி முடிச்சே?”

பதில் அனுப்பிவிட்டேன். அது இன்னும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அவளுக்கு முன்னால் உங்களுக்குச் சொல்வது முறையில்லை. பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. அதற்குள் நீங்கள் ஒன்று யோசித்து வையுங்கள். உங்களுடையது நன்றாக இருந்தால் என்னுடையதை மாற்றிக்கொள்கிறேன்.