பழைய டிஸ்க்கில் அறுபத்திரண்டு பேர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போனபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகை, மாதா திருவிழா நோட்டீஸ் என்று அதில் டைப் செய்துதான் வீட்டில் பாதி நாள் அடுப்பு எரிகிறது. அது இல்லாமல் முடியாது. ஆனால் இவருடைய கேஸும் அதற்குள்தான் கிடந்தது.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் யேசுதாஸ். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷம் காண்ட்ராக்ட் வேலை. தொண்ணூற்றெட்டில் அறுபத்திரண்டு பேரை ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். அத்தனை பேரும் சேர்ந்து நிரந்தர வேலை கேட்டு கேஸ் போட்டார்கள், இவர் முன்னால் நின்றார். ஆறு வருஷமாக வாய்தா வாய்தாவாக அலைகிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ராயபுரத்தில் எங்கள் ஒற்றை ரூம் முழுக்க ஆட்கள். டீ போட்டே என் கை சலித்துவிட்டது. ஹார்பரில் லாரி ஷெட்டில் வேலை இருக்கிறது, வாடா என்று இவர் அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார். கேஸ் முடியட்டும் என்பார் இவர். எனக்கு அது ஜெயிக்கக்கூட வேண்டாம், தொலைந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

தொலையும் நேரமும் வந்தது. பழைய வக்கீல் கேஸைக் கைவிட்டார், காகிதங்களைத் திருப்பித் தரவில்லை. யார் யார் எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்ற லிஸ்ட் திங்கட்கிழமைக்குள் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றார் புது வக்கீல். கேட் பாஸ்களைப் பார்த்து அந்த லிஸ்ட்டை முதல் வருஷமே டைப் செய்தவள் நான். இப்போது யாரிடமும் பாஸ் இல்லை. இருப்பது செத்த கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் மட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் டோல்கேட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தீனா வந்தான். ஏலத்தில் எடுத்த ஒரு பழைய கம்ப்யூட்டர் டப்பாவைக் கொண்டுவந்து வைத்து, செத்த கம்ப்யூட்டரைப் பிரித்தான்.

"மதர்போர்டுதான்கா போச்சு. பழைய டிஸ்க்கு நல்லாத்தான் கீது. இதுல ரெண்டாவது டிஸ்க்கா மாட்டிட்டேன். விண்டோஸ் இருந்த பக்கம் கலீஜா இருந்திச்சு, தொட்ச்சிட்டேன். உன் ஃபைலுங்கோ இன்னொரு பக்கம் பத்ரமா கீது."

லிஸ்ட்டைத் திறந்தான். தேதிகள் தேதிகளாக இருந்தன. பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

"இன்னாக்கா இது, ஒரே பேஜாரு. வைரஸ் தின்னுட்ச்சு போலகீது. ஃபார்மட் அட்ச்சிடவா? டிஸ்க்காவது உபயோகப்படும்."

வைரஸ் இல்லை என்று எனக்குத் தெரியும். அவன் துடைத்த பக்கத்தோடு என் தமிழ் ஃபாண்ட்டும் போய்விட்டது, அது இல்லாமல் தட்டிய கட்டையின் ஆங்கில எழுத்துதான் தெரியும், அவ்வளவுதான். அதை ஏற்றிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டரை மூடி மூணு வருஷம் ஆகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த இவரைத்தான் பார்த்தேன்.

இவர் முகத்தில் பதற்றமே இல்லை. கனமாக எதையோ இறக்கி வைத்தவர் மாதிரி தோள் தளர்ந்திருந்தது. "போனா போவுது, வுடு ஃப்ளோரா," என்றார். "டிஸ்க்கு பூட்ச்சின்னு சொல்லிக்கலாம். நாம இன்னா பண்ண முடியும்?"

இந்த வார்த்தைக்காகத்தான் ஆறு வருஷம் காத்திருந்தேன். தலையாட்டினால் போதும், திங்கட்கிழமை இவர் அண்ணனோடு ஹார்பருக்குப் போய்விடுவார்.

பாழாய்ப்போன விரல்கள் சும்மா இருக்கவில்லை. தமிழ் டைப்பிங்கில் ஹையர் கிரேடு பரீட்சை பாஸ் செய்தவள் நான். எந்த ஆங்கில எழுத்து எந்த விரலில், அந்த விரலில் எந்தத் தமிழ் எழுத்து என்று யோசிக்கவே வேண்டாம். அரைப்புள்ளி வந்தால் வலது சுண்டுவிரல், மெய்யெழுத்தின் புள்ளி. மேஜை விளிம்பில் விரல்கள் தானாகத் தட்டின. முதல் வரி கோதண்டம். போன வருஷம் செத்துப்போனார். அவர் பெண்சாதி ஞாயிறு தவறாமல் வந்து கதவோரம் உட்கார்ந்து, வக்கீல் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவாள். இரண்டாவது ராமதாஸ். மூன்றாவது எத்திராஜ். படித்த பெயர்களைப் படிக்காத மாதிரி எப்படி இருப்பது? என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

"தீனா, அதுல கை வெக்காத. எனக்குப் படிக்க வருது."

இவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை.

"நோட்டு எடுத்துக்கினு வாங்க," என்றேன். "நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

எழுந்து வந்தார். நான் விரலால் தட்டித் தட்டிச் சொன்னேன், இவர் எழுதினார். இருபத்துமூன்றாவது வரியில் இவருடைய பெயரே வந்தது. யேசுதாஸ் என்று சொன்னேன். பேனா நகரவில்லை.

"இத்த எழுதணுமா?" என்று கேட்டார்.

"எழுதுங்க," என்றேன்.