மூன்றாவது தவறு

காலை பத்தே முக்காலுக்கு அன்பரசி நோட்டில் எழுதினாள்: நேற்று 3,912 முறை. இன்று இதுவரை 1,406. எல்லாம் வெளியே. எழுதிய பிறகு 'எல்லாம்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியுமா? அதை அடித்துவிட்டு 'தெரிந்தவரை' என்று மாற்றினாள்.

பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் அந்தக் கணினி முனகிக்கொண்டிருந்தது. மாமல்லபுரத்தில் அவள் ரிசப்ஷன் பார்க்கும் லாட்ஜில் கழித்துப் போட்டது. நாவலூரில் கணினி மாலை வகுப்பு சேர்ந்த மூன்றாம் மாதம் அதை சர்வராக மாற்றினாள். அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, தகரப் பெட்டிகளில் இருந்த வீட்டுமனைப் பட்டாக்கள் ஊறிப்போயிருந்தன. அடுத்தவர் நிலத்திலேயே நடவு நட்டவர்களுக்குக் கிடைத்த முதல் சொந்த மண்ணின் காகிதங்கள். எழுத்து முழுக்க உதிர்வதற்குள் நாற்பத்தொரு வீட்டுக் காகிதங்களையும் ஸ்கேன் செய்து ஏற்றினாள். எங்கிருந்து வேண்டுமானாலும் அவரவர் காகிதத்தை அவரவர் எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்றிய மறுநாளே எங்கெங்கிருந்தோ கதவைத் தட்டத் தொடங்கினார்கள். ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றி. தட்டுவது ஆட்கள் இல்லை, எந்திரங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். அவள் ஒரு விதி வைத்தாள். மூன்று முறை கடவுச்சொல் தவறினால் அந்த இடத்துக்கு ஒரு நாள் தடை. தட்டிய கணக்கைத் தினமும் நோட்டில் எழுதிவந்தாள்.

பத்து ஐம்பத்திரண்டுக்குத் திரையில் புதுப் பெயர் ஒன்று விழுந்தது. வேண்டா. மறுபடியும் வேண்டா. மூன்றாவது தடவையும் வேண்டா. தடை.

வேண்டா, அவளுடைய அத்தையின் பெயர். எந்திரத்துக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? தெருவை அறிந்த யாரோ. அப்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அடியே அன்பு, இன்னா பண்ணி வச்சிகீற உன் டப்பாவ? என்ன உள்ள வுட மாட்டேங்குது."

"அத்த! நீயா அது? எங்க கீற?"

"திருப்போரூர்ல, தாலுக்கா ஆபீஸாண்ட. என் போன்ல சார்ஜ் பூட்ச்சு. கம்ப்யூட்டர் கடையில குந்திகினு கீறேன். பன்னண்டு மணிக்கு விசாரண. பட்டா காட்டலன்னா என் மனைய பக்கத்துல பிளாட்டு போட்டு விக்கிறவன் அளவுல சேத்துடுவானுங்கோ."

"பாஸ்வேர்ட யாரு அடிச்சா?"

"கடக்காரன்தான். பட்டா குடுத்த தேதின்னு சொன்னேன். அவனுக்குக் காது மந்தம். கத்திச் சொன்னேன், அப்பவும் தப்பா அடிக்கிறான்."

"கடையில எத்தினி பேரு?"

"உக்கார எடம் இல்ல."

வேலைக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை வேண்டா அத்தை வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போவது அந்தத் தெரு வழக்கம். இருபது வருடத்தில் ஒரு சாவியும் தொலைந்ததில்லை. கடவுச்சொல் வைக்கச் சொன்னபோதும் எல்லோரும் பொறுப்பை அவளிடமே விட்டார்கள். நாற்பத்தொரு பேருக்கும் ஒரே தேதி. மறந்துபோகக் கூடாதென்று ஆணிகளுக்கு மேலே சாக்பீஸால் எழுதியும் வைத்திருந்தாள். அன்பரசிக்கு இது தெரியும். இது ஆபத்து என்று அத்தையிடம் சொல்ல வேண்டும் என நோட்டில் மூன்று முறை எழுதியும் இருக்கிறாள். சொன்னதில்லை.

தடையை எடுக்க ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் கடை நிறையக் கேட்ட தேதி நாற்பத்தொரு வீட்டையும் திறக்கும். கடவுச்சொல்லால் நுழையும் வழியையே மொத்தமாக மூடினாள். கடைக் கணினிக்கு அனுப்பினால் நகல் அங்கேயே தங்கிவிடும் என்று, அத்தையின் பட்டாவைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டாள்.

"தொறக்க மாட்டேன் அத்த. நானே எடுத்துகினு வரேன்."

"மணி பதினொண்ணு ஆவுதுடி!"

பஸ் ஆமையாக நகர்ந்தது. ஐந்து நிமிடம் திறந்து, அத்தை எடுத்ததும் மூடியிருக்கலாமோ? மனை போய்விட்டால் விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பென் டிரைவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடியபோது மணி பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். தாலுக்கா ஆபீஸ் வராந்தாவிலிருந்து அத்தையின் குரல் வாசல் வரை கேட்டது.

"அந்த டப்பா எங்க அண்ணன் பொண்ணு கட்னது. பேரு சொல்லியும் என்னையே வெளிய நிறுத்திச்சு! அப்ப களவாணிப் பய எவன் உள்ள பூருவான்?"

"உனுக்கே காகிதம் தரலன்னா அது இன்னாத்துக்கு?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"தோ, வருது பாரு காகிதம். கால் மொளச்சு வருது."

எல்லோரும் திரும்பினார்கள். அன்பரசிக்குக் காது சுட்டது. தலை மட்டும் குனியவில்லை.

உள்ளே இருந்த அலுவலர் காகிதத்தை வெளிச்சத்தில் பார்த்தார். கோப்பில் சேர்த்துக் கட்டினார். வியாழக்கிழமை சர்வேயர் வந்து அளப்பார், அதுவரை எதுவும் மாறாது என்றார்.

லாட்ஜுக்கு லீவு சொல்லிவிட்டு, சாயங்காலம் அத்தை வீட்டில் உட்கார்ந்து, வந்தவர்களின் போன்களில் கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தனித்தனி டிஜிட்டல் சாவியை ஏற்றினாள். ஒருவருடையது இன்னொருவருக்குத் திறக்காது. பிறகு, சொல்லாமல் விட்டதைச் சொன்னாள்.

அத்தை சுவரைப் பார்த்தாள். "அழிச்சிட்டா அந்தத் தேதி மறந்துடுமா இன்னா?" என்றபடி முந்தானையை நனைத்தாள்.

அன்பரசி நோட்டைத் திறந்தாள். இன்று 4,027. எல்லாம் வெளியே, அத்தை உட்பட. இந்த முறை எதையும் அடிக்கவில்லை. அத்தையின் கை நகர நகர எண்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து சுண்ணாம்பில் வழிந்தன. ஈரத்துக்குக் கீழே, கை பட்ட அதிர்வில், வரிசையாகச் சாவிகள் ஆடிக்கொண்டிருந்தன.