தள்ளி நட்ட கல்

மாசிலாமணியின் ஆமென் ஊரறிந்த ஆமென். பெருமுக்கல் போகிற சாலையோரம் இருக்கும் அந்தச் சின்னக் கோயிலில் மைக் மக்கர் பண்ணுகிற நாட்களில்கூட அவனுடைய ஆமென் மட்டும் எதிர்ச் சாரி டீக்கடைவரைக்கும் கேட்கும். ஆயர் ஜெபத்தை முடிப்பதற்குள் இவன் முடித்துவைத்துவிடுவான் என்று கமிட்டியில் கேலி பேசுவார்கள். அவனுக்கு அதில் பெருமைதான். ஆண்டவர் கொடுத்த தொண்டை, அவருக்கே செலவழித்துவிட்டுப் போகிறேன் என்பான்.

அந்தத் தொண்டைதான் சாம்பல் புதனன்று அவனை மாட்டிவைத்தது.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த பிரேம்குமார் ஆயர் இளவயதுக்காரர். பழைய சாமான் எதைக் கண்டாலும் தூசி தட்டிப் பார்க்கிற குணம். கோயில் பீரோவில் கிடந்த அந்தக் காலத்து ஜெபப் புத்தகத்தில், பாவத்தின்மேல் வரும் தேவகோபத்தைச் சபைக்கு அறிவிக்கிற ஆராதனை ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, இந்த வருஷ லெந்து என்கிற தவக்காலத்தை அதைக்கொண்டே தொடங்குவது என்று தீர்மானித்துவிட்டார். முறை எளிதுதான். ஆயர் ஒவ்வொரு பாவமாகச் சொல்லி, அதைச் செய்கிறவன்மேல் சாபம் என்பார். சபை எழுந்து நின்று ஆமென் சொல்ல வேண்டும். அவ்வளவே.

தாய் தகப்பனை இழிவாக நடத்துகிறவன்மேல் சாபம் என்றார் ஆயர். மாசிலாமணி ஆமென் என்றான். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து நிலத்துக்காரனின் எல்லைக்கல்லைத் தள்ளி நடுகிறவன்மேல் சாபம் என்றார் ஆயர். மாசிலாமணி அதைவிடச் சத்தமாக ஆமென் என்றான். வாய் மூடிய பிறகுதான் அவனுக்குக் காது வேலை செய்தது.

அடுத்து வந்த சாபங்களுக்கெல்லாம் அவன் வாயைத் திறக்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கரண்ட் போய்விட்டதோ என்று யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள்.

கல்லைத் தள்ளி நட்டது அவன்தான். பக்கத்துக் கொல்லைக்காரர் கண்ணையன் பக்கவாதம் வந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சமயம். இவன் கொல்லை மூலையில் டிராக்டர் திரும்பும்போதெல்லாம் சக்கரம் அவர் வரப்பில் ஏறிக்கொண்டிருந்தது. முழ அகலத்துக்கு இடம் கிடைத்தால் தொல்லை தீர்ந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கல்லைப் பிடுங்கி அந்தப் பக்கம் நட்டான், வரப்பையும் அதற்கேற்றபடி நகர்த்திப் போட்டான். ஒரு மழை பெய்ததும் வரப்பில் புல் பிடித்துவிட்டது. பிறகு பார்த்தவர்களுக்கு அது என்றைக்கும் அங்கேயே இருந்த வரப்பு.

கண்ணையன் ஒரு கை ஒரு கால் விளங்காமல், பேச்சுக் குழறித் திரும்பி வந்தார். ஆனால் கண் நன்றாகத்தான் இருந்தது. கொல்லைக்கு வந்த அன்றைக்கே, கல்லு நவுந்துடிச்சி என்று தடியால் பழைய இடத்தைக் குத்திக் காட்டினார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். சர்வேயரைக் கூப்பிடச் சொல்லிக் குழந்தை மாதிரி அழுதார். டீக்கடையில் ஊர் மாசிலாமணியிடம்தான் விசாரித்தது. அவன் சண்டைக்குப் போகவில்லை, சத்தியம் பண்ணவில்லை. “பாவம் அண்ணன். மூளையில ரத்தம் கட்னதுல இருந்து இப்படித்தான் இன்னாத்தையோ சொல்லிக்கினு கீறாரு” என்று தலையை மட்டும் ஆட்டினான். அந்த இரக்கம் நன்றாகவே எடுபட்டது. கண்ணையனின் மனைவி தையல்நாயகிகூட அதைத்தான் நம்பினாள். போன பொங்கலுக்கு முன்னால் கண்ணையன் போய்ச் சேர்ந்தார். ஊரைப் பொறுத்தவரை அவர் புத்தி பேதலித்துச் செத்த மனிதர்.

இத்தனை நாளும் மாசிலாமணிக்கு அது உறுத்தியதே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். உறுத்தியது, செருப்புக்குள் சின்னக் கல் கிடக்கிற மாதிரி. நடந்து பழகிவிட்டான். இப்போது தன் வாயாலேயே தன் தலையில் சாபத்தை இறக்கிக்கொண்ட பிறகு, நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

மறுநாளே கொல்லையில் போர்வெல் மோட்டார் புகைந்தது. காயில் போயிருக்கும், வெயில் காலத்தில் யார் வீட்டில்தான் போகவில்லை. ஆனால் மாசிலாமணி மோட்டாரைத் திண்டிவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினான். அடுத்தபடி கறவை மாடு தீனி எடுக்கவில்லை. உபவாசம் இருந்து பார்த்தான், தலைவலிதான் வந்தது. வேதத்தைத் திறந்தால் கோபம் என்கிற வார்த்தையில்தான் கண் போய் விழுந்தது. அதற்கு நடுவில் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கலைப்பிரியாவுக்குக் கால் வீங்கியது. ப்ரஷர் ஏறிவிட்டது, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். அவன் மனைவி ரோஜா பையைத் தூக்கிக்கொண்டு மகளோடு முண்டியம்பாக்கம் போனாள். கண்ணையன் கிடந்த அதே ஆஸ்பத்திரி. மோட்டாரும் மாடும் முன்னறிவிப்பு, இதுதான் அடி என்று மாசிலாமணி நினைத்தான்.

இரண்டு நாள் அங்கே வராந்தாவில் கிடந்தான். உள்ளே எட்டிப் பார்ப்பான், வெளியே வருவான், டீ வாங்குவான், குடிக்காமல் ஊற்றுவான். நர்ஸ் யாராவது வேகமாக நடந்தால் எழுந்து நின்றுவிடுவான். “நீங்க இங்க இருந்தா எனுக்கும் ப்ரஷர் ஏறும். போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க” என்று ரோஜாதான் துரத்திவிட்டாள்.

ஊருக்கு வந்தவன் நேராக ஆயரைத் தேடிப் போனான். அவர் கோயில் வாசலில் பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார்.

“ஐயா, புதன்கெழம சாபம் சொன்னீங்களே, அது செஞ்சவன் மேல மட்டுந்தான் வருமா? புள்ளைங்க மேலயும் வருமா?”

“யாருக்கு என்ன ஆச்சுண்ணே?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஒரு டவுட்டு.”

ஆயர் பைக்கை அணைத்துவிட்டு அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். “தேவகோபம்னா நமக்கு வர்ற கோபம் மாதிரி இல்லண்ணே. கண்ல பட்டவனை எல்லாம் அடிக்கிறது இல்ல. ஒருத்தனுக்கு அநியாயம் நடந்துடுச்சி, ஊர்ல ஒருத்தரும் கண்டுக்கலன்னு வைங்க. அவர் கண்டுக்கறார். கண்டும் சும்மா இருக்க முடியல. அதைத்தான் கோபம்னு சொல்றோம். அநியாயம் நடந்தவன் பக்கத்துல போய் நின்னு பாருங்க, புரியும்.”

“அது சரிங்கையா. புள்ளைங்க மேல வருமா, வராதா?”

ஆயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மனந்திரும்பினா எந்தப் பயமும் வேணாம்ணே, போங்க” என்றார்.

சொன்னதில் இந்தக் கடைசி வார்த்தையைத்தான் மாசிலாமணி எடுத்துக்கொண்டான். மனந்திரும்புவது என்றால் கல்லைப் பழைய இடத்தில் வைப்பது. வைப்பது என்றால் ஒரு பயலுக்கும் தெரியாமல் வைப்பது. ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும், டீக்கடைக்கு எதற்குத் தெரிய வேண்டும்? கணக்கு ரொம்பச் சுத்தமாக இருந்தது அவனுக்கு.

உச்சி வெயிலில் ஊர் வீட்டுக்குள் அடங்கிய நேரம் பார்த்துக் கடப்பாரையோடு கொல்லைக்குப் போனான். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பூவெடுத்து மஞ்சளாக நின்றது. கல்லைச் சுற்றிக் குத்தி மண்ணை வாரினான். வியர்வை கண்ணில் இறங்கியது. கல் அசைய ஆரம்பித்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. ரோஜா என்று பார்த்ததும் எடுக்கவே பயந்தான்.

“ஏங்க, பையன் பொறந்துக்கிறான்ங்க! சுகப்பிரசவம். ப்ரஷர்கூட எறங்கிடிச்சாம். ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. ஜல்தி வாங்க!”

மாசிலாமணி அப்படியே மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவில் முழங்கால் போட்டு அழுதான். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று மண்ணைத் தொட்டுத் தொட்டுச் சொன்னான். உடம்பில் இருந்த பாரமெல்லாம் இறங்கி, இத்தனை நாளில் முதல்தடவையாகப் பசி எடுத்தது.

எழுந்து பார்த்தால் எதிரே கல், பாதி சாய்ந்து நின்றது. இனி எதற்கு என்று ஒரு யோசனை வந்தது. ஆண்டவர் மனதைப் பார்க்கிறவர், நான் கடப்பாரையைத் தூக்கியதையே அவர் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டார், அதனால்தான் போன் வந்தது. நன்றாகச் செய்த வரப்பை எதற்குக் கலைக்க வேண்டும்? யோசித்து முடிப்பதற்குள் அவன் கால் மண்ணைக் குழிக்குள் தள்ள ஆரம்பித்திருந்தது.

“யார்ரா அது கல்லுகிட்ட?”

தையல்நாயகி. மாட்டுக்குப் புல் அறுக்க வந்தவள், கருக்கரிவாளோடு வரப்பில் ஓடிவந்தாள். “அடப்பாவி மாசிலாமணி! ஆம்பள இல்லாத கொல்லன்னு தள்ளி நடறியா? இரு, ஊரக் கூட்றேன்!”

“இன்னா அண்ணி இப்படிச் சொல்லிட்ட? கல்லு சாஞ்சிக்கினு இருந்துச்சி. நிமுத்தி நடலாம்னு பாத்தேன்.”

பொய் தங்குதடையில்லாமல் வந்தது. அவள் கல்லைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். அழுது சிவந்திருந்த கண்ணைப் பார்த்ததும் அவளுடைய வேகம் அடங்கிவிட்டது.

“மனசுல வெச்சிக்காத தம்பி” என்றாள். “அந்த மனுசன் கல்லு கல்லுன்னு சொல்லிச் சொல்லி, அவரோட பேஜாரு எனுக்கும் தொத்திக்கிச்சி. சாவற அன்னிக்குக் காலையிலகூட என் கையப் புடிச்சிக்கினு அதையேதான் சொன்னாரு. பைத்தியம், மூடிக்கினு படுய்யான்னு ஏசிட்டேன். அப்பறம் வாயே தொறக்கல. அப்படியே போயிட்டாரு.” மூக்கைச் சிந்திவிட்டு, “நீ நட்டுட்டுப் போ, உன்மேல எனுக்குச் சந்தேகம் இல்ல” என்று திரும்பினாள்.

போகவும் ஆரம்பித்துவிட்டாள். நாலு அடி தாண்டிவிட்டாள். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் எல்லாம் முடிந்துபோயிருக்கும். பேரனைப் பார்க்க பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் மாசிலாமணியால் அங்கே நிற்க முடியவில்லை. வானத்திலிருந்து நெருப்பு விழும் என்று இத்தனை நாள் பயந்தபோதுகூட இப்படி இருந்ததில்லை.

“அண்ணி.”

அவள் நின்றாள்.

“அண்ணன் பைத்தியம் இல்ல. கல்லு நவுந்துதான் இருந்துச்சி. நாந்தான் நவுத்தினேன்.”

அவளுக்கு அது உடனே உள்ளே இறங்கவில்லை. “இன்னா சொல்ற நீ?”

“அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்போ. டிராக்டரு திரும்ப எடம் பத்தல. அப்பறம் அவரு கண்டுபுடிச்சிட்டாரு. நான் டீக்கடையில… மூளை கலங்கிடிச்சின்னு…”

“இப்ப இன்னாத்துக்கு எடுக்கற?”

கோயிலில் சொன்ன சாபத்தை, மோட்டாரை, மாட்டை, கலைப்பிரியாவின் ப்ரஷரை எல்லாம் அவன் தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

“அப்போ உன் சாமிக்குப் பயந்துக்கினு வந்த.”

“ஆமா.”

“புள்ள எப்படிக் கீது?”

“பையன் பொறந்துக்கிறான். நல்லா கீது.”

“பயம் போயிடிச்சி இல்ல? அப்பறம் ஏன் எங்கிட்ட சொல்ற?”

“நீ என்ன நம்பிட்ட அண்ணி. அதான் முடியல.”

அவள் அரிவாளைக் கீழே போட்டாள். அவன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினாள். ஒரே போடாகப் போடப்போகிறாள் என்று நினைத்தான். போட்டால் போடட்டும் என்று நகராமல் நின்றான். அவளோ அவனைத் தாண்டிப் போய், கண்ணையன் தடியால் குத்திக் குத்திக் காட்டிய இடத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளம் தோண்ட ஆரம்பித்தாள். பூவெடுத்த மல்லாட்டைச் செடிகள் வேரோடு பெயர்ந்து விழுந்தன. எங்கிருந்தோ இறங்கும் என்று அவன் பயந்துகொண்டிருந்த கோபம் பக்கத்துக் கொல்லையிலிருந்து வந்து, எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. அதற்கு எந்த உபவாசமும் பத்தாது என்று அவனுக்குப் புரிந்தது.

கல்லைத் தூக்கக் குனிந்தான்.

“நீ தொடாத.”

அவளே அதைப் புரட்டிப் புரட்டி உருட்டிக்கொண்டு போனாள். ஒண்டியாக ஆகிற காரியம் இல்லை. விரல் நசுங்கியது, உதறிவிட்டு மறுபடி புரட்டினாள். கல் பள்ளத்தில் இறங்கியதும் காலால் மண்ணை மிதித்தாள்.

“கல்ல எடுத்த எடத்துல வெச்சாச்சி. நான் ஏசின ஏச்ச எங்க கொண்டுபோய் வெக்கறது? சொல்லு. உன் கோயில்ல அதுக்கு எதாவது வழி சொல்லிக் குடுத்தாங்களா?”

அவள் நசுங்கிய விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“டீக்கடைக்கு வா. பாவம் பாவம்னு சொன்ன இல்ல, அதே எடத்துல நின்னு சொல்லு. அவரு பேரச் சொல்லி, அவரு சொன்னதுதான் நெசம்னு சொல்லு. ஊரு கேக்கட்டும்.”

“சொல்றேன் அண்ணி. இப்பவே வர்றேன்.” ஊர் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்பது நினைவுக்கு வரத்தான் செய்தது. அந்த நினைப்போடேயேதான் சொன்னான். பிறகு, கையைக் கூப்பவும் தெரியாமல் தொங்கவிடவும் தெரியாமல், “என்ன மன்னிச்சிடு அண்ணி” என்றான்.

அவள் கல்மேல் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவனைப் பார்க்கவே இல்லை.

“அவருகிட்ட நானே இன்னும் கேக்கல” என்றாள். “மொதல்ல நான் கேட்டுக்கறேன். நீ அப்பறம் வா.”