ஐம்பத்தேழாம் பக்கத்தின் அடிக்குறிப்பு

ஷர்மிளா சிரித்த சத்தத்தில்தான் பத்மஜா திரும்பிப் பார்த்தாள். உப்பல் பகுதியில் இருந்த அந்தத் தொலைநிலைக் கல்வி நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் யாரும் அவ்வளவு சத்தமாகச் சிரிப்பதில்லை.

“ஒரு பிழை இல்ல பத்மா. கமா கூட நிக்க வேண்டிய இடத்துல நிக்குது. வா, நீயே கேளு.”

ஷர்மிளா ஹெட்போனைக் கழற்றினாள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் அந்தக் குரலை, பத்மஜாவுக்காக வேகம் குறைத்து மறுபடி ஓடவிட்டாள். குரலுக்குச் சிரிப்பும் தெரியாது, வருத்தமும் தெரியாது. “குறிப்பு நான்கு. இப்பாடத்தில் செய்முறை வகுப்புகள் இருப்பதால், பார்வையற்றோர் விண்ணப்பிக்க வேண்டாம்” என்றது.

அந்த நிறுவனத்தில் இருநூற்றுப் பதினான்கு பாடங்கள். அவற்றின் பட்டியல் இணையத்தில் இருந்தது என்றாலும், அச்சுப் புத்தகத்தின் பக்கங்களைப் படம் பிடித்து ஏற்றியதுதான் அது. கண் தெரியாதவர்கள் திறந்தால் குரல் ‘படம்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். அதை எழுத்தாக மாற்றும் வேலை நான்கு மாதங்களாக பத்மஜாவுடையது. வேதியியல் படித்துவிட்டு மல்காஜ்கிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். யாரோடும் அதிகம் பேச வேண்டியிராத வேலை என்பதே அவளுக்குப் பாதிச் சம்பளம். தட்டச்சு செய்வாள், தலைப்புகளைப் பிரிப்பாள், ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வைப்பாள். வாரத்துக்கு மூன்று நாள் வரும், கண் தெரியாத ஷர்மிளா அதையெல்லாம் காதால் சோதிப்பாள். கொஞ்சமும் தயவு காட்ட மாட்டாள். “உன் டேபிள் கட்டங்களுக்குள்ள போயி வெளிய வர வழி தெரியாம நின்னேன்டி” என்பாள். பத்மஜா முழுவதையும் பிரித்து மறுபடி கட்டுவாள். ஒரு நாள் ஷர்மிளா ஒன்றுமே சொல்லாமல் மூன்று பக்கங்களைக் கடந்தபோது, மல்காஜ்கிரி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் அவளுக்குக் கால் வலிக்கவில்லை.

ஐம்பத்தேழாம் பக்கத்தையும் அவள்தான் அடித்தாள். பழைய படத்தின் அடியில் வெளிறிய சாம்பல் நிறத்தில் எறும்பு வரிசை போல இருந்தது அந்த வரி. அந்தக் கமாவை உறுதி செய்துகொள்ள நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தது நினைவிருந்தது. வரி என்ன சொன்னது என்பதுதான் நினைவில்லை.

“நான்தான்க்கா அடிச்சேன்.”

“தெரியும். அதான் பிழையே இல்ல.”

அன்றைய சோதனைப் பட்டியலில் அந்தப் பக்கம் இல்லை. ஷர்மிளா தனக்காகத் திறந்திருக்கிறாள். வேதியியல் அடிப்படைச் சான்றிதழ், ஆறு மாதம், எந்தப் பட்டதாரியும் சேரலாம், கடைசி நாள் இந்த மாத முடிவு.

“பத்தாவதுல சயின்ஸ்ல தொண்ணூத்தொண்ணு எடுத்தேன். இன்டர் பதினொண்ணுல ஹிஸ்டரிதான் குடுத்தாங்க. கைக்கு, ஏன்னு கேட்டா, ஆசிட்ட மேல ஊத்திக்குவியாம்.” ஷர்மிளா ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றினாள். “ரொம்ப மரியாதக்காரங்க பத்மா. எனக்கு ஒரு விஷயம் எழுதி, எனக்குத் தெரியாத மாதிரியே வெச்சிருக்காங்க. சரி விடு. எல்லாம் படிக்க முடியுது. நான் சைன் பண்ணிர்றேன், திங்கக்கிழம வெளியிடட்டும்.”

“நக்கோக்கா” என்றாள் பத்மஜா. ‘வேண்டாம்’ என்கிற அந்த ஊர்ச் சொல் தன் வாயில் வரும் என்று அவளுக்கே தெரியாது.

அந்த வரியை எடுத்துவிடலாமா என்று பத்மஜா போய்க் கேட்டபோது பிரிவுத் தலைவர் வேணுகோபால் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நம்ம வேலை படிக்க வெக்கிறதும்மா. எழுதுனது டிபார்ட்மென்ட். அங்க போய்க் கேளு.”

வேதியியல் துறைத் தலைவர் சிவஞானத்தின் அறை வாசலில் அவருடைய பெயர்ப்பலகையை நான்கு முறை படித்துவிட்டு பத்மஜா உள்ளே போனாள்.

“நான் வரதுக்கு முன்னாடியே இருக்கற வரிம்மா அது” என்றார் அவர். “வருஷா வருஷம் அப்படியே அச்சுக்குப் போவுது. யார் போட்டதுன்னு யாருக்குத் தெரியும்? ஆனா நீயே சொல்லு, நீயும் கெமிஸ்ட்ரிதானே. டைட்ரேஷன்ல கலர் மாறறத அவங்க எப்படிப் பாப்பாங்க?”

வேறு நாளாக இருந்தால் சரி சார் என்று வந்திருப்பாள்.

“கலர் வேண்டாம் சார். கரைசல்ல கரண்ட் எவ்வளவு போகுதுன்னு கண்டக்டிவிட்டி மீட்டர் காட்டிரும். அமிலத்துல காரம் சேரச் சேர நம்பர் இறங்கும். முடிஞ்சதும் ஏறும். ஏறுற இடம்தான் விடை. அதக் காதாலயே கேக்கலாம்.”

“மீட்டர் இருக்கு. அது பேசுமா?”

“பேச வெக்கிறேன் சார்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு முறை பார்த்தார். “வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு லேப் காலியா இருக்கும். சேரணும்னு நெனைக்கறவங்க யாராவது இருந்தா, வந்து செஞ்சு காட்டட்டும். அப்பறம் அந்த வரியப் பத்திப் பேசலாம்.”

மீட்டரின் பெட்டியில், கணினியோடு இணைக்கும் கேபிள் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. பத்மஜா ஒரு பெரிய ஊசிக்குழலின் தண்டில் மில்லிலிட்டருக்கு ஒன்றாகப் பிளேடால் வெட்டுகள் போட்டாள். ஷர்மிளா அவற்றை நகத்தால் வருடி எண்ணினாள்.

வெள்ளிக்கிழமை அவள் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் நின்று மூச்சை இழுத்தாள். “ஸ்கூல்ல இந்த வாசன பக்கத்து கிளாஸ் வரைக்கும் வரும்” என்றாள். மேசையை விரல்களால் ஒரு சுற்று அறிந்துகொண்டாள். பாதுகாப்புக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சிவஞானம் தயங்கினார்.

“குடுங்க சார். பாக்கலன்னா கண்ணே வேண்டாமா என்ன?”

அவர் அவசரமாகக் கொடுத்தார்.

மடிக்கணினியின் குரல் எண்களைப் பொழியத் தொடங்கியது. சிவஞானம் குனிந்து, “என்னம்மா சொல்லுது, ஒண்ணும் புரியலயே” என்றார்.

“உங்களுக்கு மெதுவா வெக்கட்டுமா சார்?”

ஷர்மிளா ஊசிக்குழலில் இருந்த காரத்தை, முகவையிலிருந்த அமிலத்துக்குள் ஒவ்வொரு வெட்டாகத் தள்ளினாள். மூன்று புள்ளி ஒன்பது. ஒரு வெட்டு. மூன்று புள்ளி ஏழு. ஒரு வெட்டு. கலக்கி, எண் நிலைக்கும் வரை பொறுத்து, அடுத்த வெட்டு. உதவப் போய்விடக் கூடாதே என்று பத்மஜா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். முகவையில் நிறம் ஏதும் இல்லை. வெறும் தண்ணீர் போல இருந்தது. ஆனால் அவளுக்கு அந்த வரைபடம் தெரியும். கோடு சரிந்து இறங்குவதை அந்தக் குரலில் கேட்டாள். ஒன்று புள்ளி ஏழு. ஒன்று புள்ளி ஐந்து. ஒன்று புள்ளி ஆறு. ஷர்மிளாவின் கட்டைவிரல் நின்றது. இன்னும் ஒரு வெட்டு தள்ளினாள். ஒன்று புள்ளி எட்டு. பிறகு நகம் தண்டின் மேல் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போயிற்று. அவசரமே இல்லை. தன் பரிசோதனை ஒன்றிலும் வராத கர்வம் பத்மஜாவுக்கு இப்போது வந்தது.

“பன்னெண்டு” என்றாள் ஷர்மிளா, தலையை நிமிர்த்தி.

கரைசலைக் காலையில் தயாரித்தவர் சிவஞானம்தான். விடையை எழுதி மடித்திருந்த சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் முன் நீட்டினார். நீட்டிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அதை மடக்கிக்கொண்டு, சீட்டைப் பிரித்து, தொண்டையைச் செருமி, வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போல வாய்விட்டுப் படித்தார்: “பன்னெண்டு மில்லி.”