மாடிப்படி நீண்ட வீடு

கேம் கம்பெனி தன் சர்வரை நிறுத்திய அன்று சாயங்காலம் அந்த இரண்டு மாடி வீட்டின் உட்படிக்கட்டு நீண்டுபோனது. தெருவிலிருந்து பார்த்தால் வீடு பழைய உயரத்திலேயே இருந்தது. கீழ்வீட்டில் லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும். மேல்வீட்டில் மெக்கானிக்கின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தனியாக. அப்பா இறந்து வீட்டைப் பிரித்த வருஷம் அண்ணன் மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். யாரைக் கேட்டுப் போட்டாய் என்றார் தம்பி. அத்தோடு பேச்சு நின்றது. படியில் எதிர்ப்பட்டால் ஒருவர் தன் செருப்பைப் பார்ப்பார், மற்றவர் சுவரைப் பார்ப்பார். இப்படியே எட்டொன்பது வருஷம் ஓடியது.

நிற்க. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கொரு கேம் பெட்டி வாங்கினார்கள். கால்பந்தாட்டம். இணையம் இருந்தால்தான் பெட்டி வேலை செய்யும். ஒற்றை ஆளாக உட்கார்ந்து விளையாடுவதென்றாலும் கம்பெனியிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். அதில் தம்பி தனக்கு ‘மொட்டைமாடி’ என்று பெயர் வைத்துக்கொண்டார். மறுவாரமே ‘பூட்டு’ என்று ஒருவர் வந்து ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்ந்ததும் பூட்டும் மொட்டைமாடியும் மோதின. கோல் விழுந்தால் மேல்வீட்டுத் தரையில் குதிகால் சத்தம் கேட்கும்; கீழே மெக்கானிக் அண்ணாந்து பார்த்து வாய்க்குள்ளேயே திட்டுவார். அண்ணன் தம்பி என்று அவர்களுக்குள் மிச்சமிருந்தது இவ்வளவுதான் என்பது மெக்கானிக்கின் மனைவிக்குத் தெரியும். அதனால் அந்த நேரத்தில் அவர் மிக்ஸி போடமாட்டார்.

பிறகு ஒருநாள், மாதக் கடைசியோடு அந்த ஆட்டத்தை மூடப்போவதாகக் கம்பெனி திரையில் இரண்டு வரி போட்டது. இரண்டு பெட்டிகளையும் நேராகவே இணைத்துவிடலாமென்று மெக்கானிக் ஒரு கேபிளை ஜன்னல் வழியாக மேலே ஏற்றினார். மேலே ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. இரண்டு பெட்டிகளும் இணைப்பு இல்லை என்றன. மெக்கானிக் கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். சர்வர் கடலுக்கு அப்பால் இருக்கிறது, மேல்வீட்டில் உதைத்த பந்து அங்கே போய்த்தான் கீழ்வீட்டுக்கு வருகிறது, வேறு வழியில் வராது என்றாள். காசு கொடுத்து வாங்கியது நான்தானே என்றார் இவர்.

“பெட்டி உங்களோடது சார். ஆட்டம் எங்களோடது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒரே வீடுன்னு சொல்றீங்க. நாலு படி ஏறிப்போய் நேர்ல பேசலாமே சார்?” என்றும் கேட்டாள்.

மெக்கானிக் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். போனை வைத்தார்.

சர்வர் நின்ற சாயங்காலம் அவர் ஏறிப்போகத்தான் புறப்பட்டார். திருப்பத்தைத் தாண்டியும் படிகள் போய்க்கொண்டே இருந்தன; உப்புக்காற்று அடித்தது. கால் கடுத்துத் திரும்பியபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. தெருப்பக்கம் ஏணி வைத்தார்; ஜன்னல் கைக்கெட்டுகிற மாதிரி தெரிந்தது, ஏணி எட்டவில்லை. “அண்ணே” என்று கூப்பிட்டார். பதில் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தது.

“இரு, வர்றேன்டா.”

இத்தனை நாள் பெட்டி சுமந்த தூரத்தை இனி யாராவது சுமந்துதானே ஆகவேண்டும், அது படிக்கட்டில் இறங்கிவிட்டது என்றது தெருவில் ஒரு கட்சி. வீட்டைப் பிரித்தபோது அளந்தவன் செய்த தப்பு என்றது இன்னொரு கட்சி. நகராட்சியிலிருந்து வந்தவர் கீழே நின்று பார்த்துவிட்டு, வரியில் மாற்றமில்லை என்று சொல்லிப்போனார். கண்ணாடிக் கடை மூடியே கிடந்ததால் பலர் பழைய கண்ணாடியோடு ஆள் மாற்றி வணக்கம் சொல்லித் திரிந்தார்கள். மெக்கானிக் வேலை முடிந்து வந்து அடிப்படியில் உட்காருவார். சில நாள் ஒரு இருமல் வந்து சேரும். என்றைக்கு இருமியது, வரும்போதா, பாதியில் திரும்பிப் போகும்போதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மழைக்காலம் கழிந்து அண்ணன் வந்து சேர்ந்தார். தாடி வளர்ந்திருந்தது, முகம் கறுத்திருந்தது, கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது. தம்பி பக்கத்திலேயே, அதே அடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“கடைசி ஆட்டத்துல நீ போட்ட கோல் ஆஃப்சைடுடா.”

“அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே?”

அண்ணன் பையிலிருந்து மொட்டை மாடிச் சாவியை எடுத்து நீட்டினார். அது துருப்பிடித்திருந்தது. தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்ணீர்ச் செம்போடு வந்த மெக்கானிக்கின் மனைவி, மேல்வீட்டு லைட்டை அணைக்காமல் வந்துவிட்டீர்களே என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் இப்போது கீழ்வீட்டு முன்னறையில் இருக்கிறார், கடை திறந்தாயிற்று. மேல்வீட்டு விளக்கு இன்னும் எரிகிறது. எப்போது அணைப்பதாக உத்தேசம் என்று யாராவது கேட்டால், வெயில் தணியட்டும், ரெண்டு பேருமாகப் போய்வரலாமென்று இருக்கிறோம் என்கிறார்கள்.